ஒற்றைப்பாலையடியில் நின்ற மோட்டார் சைக்கிள்

உடையார்கட்டுக் குடியேற்றத்தில் அந்த நாளையில் மோட்டார் சைக்கிள் என்று சொன்னால் ஒன்றுதான். அது இளையதம்பி அண்ணையுடையது. குளத்துக்கட்டு வேலையை மேற்பார்க்க வந்திருந்த ஓவசியர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது கைமாற்றி விட்டுப்போன பழைய சாமான். பச்சைப் பூச்சு உரிந்து உள்ளே கறுப்புத் தெரியும். காலால் உதைத்துத்தான் எழுப்ப வேண்டும். எழும்பிவிட்டால் குளத்தின் மற்றக் கரைக்கும் சத்தம் கேட்கும்.

இளையதம்பி அண்ணை எனக்குப் பெரியம்மாவின் மகன். பெரியம்மாவின் மூத்த மகன் தெற்கே சுருட்டுக்கடைக்குப் போய் அங்கேயே குடும்பமாகிவிட்டார். அடுத்தது பெண், கைதடியில் கலியாணம் முடித்தவா. அதற்கு அடுத்ததுதான் இவர். சொந்த ஊர் கரணவாய். பெண் எடுத்தது அச்சுவேலியில். மனுசியின் பெயர் கமலாசனி. எனக்கு மச்சாள் முறை.

கலியாணம் முடித்த முதல் வருசம் அண்ணை பெண்வீட்டில் இருந்தார். அதுதானே எங்கள் வழமை. மாமனாருக்கு வெங்காயத் தோட்டம். விடியற்காலையில் தண்ணீர் இறைக்கத் துலா மிதிப்பதற்கு ஒரு கூலியாள் வைத்திருந்தார். மருமகன் வந்த கையோடு அந்த ஆளை நிற்பாட்டிவிட்டார். அண்ணை கிணற்றுக்கு மேலே நீளும் துலாமரத்தில் ஏறி முன்னும் பின்னும் நடந்தார். மாமனார் கீழே நின்று தண்ணீர் கட்டிக்கொண்டு, "மருமகன், கீழ பாக்காதேங்கோ, தலை சுத்தும்! விழுந்தால் என்ர பெட்டைக்கு ஆர் பதில் சொல்லுறது?" என்று நாலு தோட்டம் கேட்கச் சொல்லுவார். பகிடிக்குச் சொன்ன கதைதான். தோட்டத்துச் சனம் சிரித்தது. அண்ணை சிரிக்கவில்லை.

வன்னியில் காணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டவுடன் முதல் ஆளாக எழுதிக் கொடுத்தவர் அவர்தான். "இனி அந்தத் துலாவில என்ர கால் படாது" என்று பெரியம்மாவிடம் சொல்லிப்போட்டு மச்சாளையும் கூட்டிக்கொண்டு வந்தார். காடு வெட்டி, கொட்டில் போட்டு, இரண்டு மூன்று போகம் நல்லாகத்தான் விளைந்தது. பிறகு ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளம் வந்தது. மற்ற ஆட்களின் வயலில் தண்ணீர் நின்று வடிந்தது. அண்ணையின் வயல் வாய்க்கால் உடைந்த இடத்தில் இருந்தபடியால் தண்ணீரோடு மணலும் வந்து நின்றது. தண்ணீர் போய்விட்டது, மணல் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் மோட்டார் சைக்கிளும் மீன் வியாபாரமும். விடிய வெளிக்கிட்டுப் புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு தாண்டி நாயாற்றுக்குப் போவார். அங்கே கிறிஸ்தோப்பர் என்று ஒருவர் கடலேரியில் வலை போடுகிறவர். அவரிடம் மீனும் இறாலும் எடுத்து, இரண்டு பக்கமும் தொங்கும் பெட்டிகளில் போட்டு, ஈரச்சாக்கால் மூடிக்கொண்டு, வெயில் ஏற முன்னம் புதுக்குடியிருப்புச் சந்தைக்கு வந்துவிடுவார். மீன் என்றது பொறுத்திருக்கிற சாமான் இல்லை. வழியில் நின்றால் பழுது. பழுதானால் அன்றைக்கு வீட்டில் உலை வையாத குறைதான்.

இனசனம் கதைத்தது. மச்சாளின் தமையன் மயில்வாகனம் ஒருமுறை வந்து, பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, மூக்கைச் சால்வையால் பொத்திக்கொண்டு, "எங்கட ஆக்கள் மீன் காவித் திரியிறதோ?" என்று கேட்டார்.

"நீங்கள் மீன் தின்னுறேல்லையோ, மச்சான்?" என்றார் அண்ணை.

"தின்னுறது வேற, காவுறது வேற."

அண்ணை அதோடு விட்டுவிட்டார். மச்சாளுக்குத்தான் அது நெஞ்சுக்குள் போயிற்று. அதற்குப் பிறகு, பின்னேரம் அண்ணை வந்து இறங்கினால் முதல் வேலை, மோட்டார் சைக்கிளைக் கிணற்றடிக்குத் தள்ளுவிப்பா. சாம்பலும் பழப்புளியும் போட்டு உரஞ்சிக் கழுவுவா. விடிய அண்ணை பெற்றோல் ஊற்றி மூடியை இறுக்கினவுடன், சந்தனம் உரைத்துக் கொண்டுவந்து பெற்றோல் தாங்கியின் மூடியில் ஒரு பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமம் வைப்பா. ஏன் மூடியில் வைக்கிறீர் என்று கேட்டால், "அதுதானே அதின்ர உச்சந்தலை. அங்க விட்டுத்தானே குடிக்குது" என்பா.

அண்ணையும் ஒரு வேலை செய்தார். அந்த மூடிக்குக் கீழே இருந்த தக்கை வளையம் தேய்ந்துபோய், பள்ளம் திட்டியில் பெற்றோல் வெளியே தெறித்தது. சந்தையில் மீன் வாங்கினவர்கள் முறைப்பட்டார்கள். தேத்தண்ணிக் கடை நடராசா, "தம்பி, உன்ர மீனைப் பொரிக்க எண்ணெய் தேவையில்லை. நெருப்புக்குச்சியைக் காட்டினால் காணும்" என்றார். அண்ணை பழைய சைக்கிள் ரியூப்பில் ஒரு வளையம் வெட்டித் தக்கைக்குப் பதிலாகப் போட்டார். பெற்றோல் பட்டவுடன் றப்பர் ஊதி நன்றாக இறுகிக்கொண்டது. பிறகு ஒரு துளி வெளியே வரவில்லை. அது தன்னுடைய கைவேலை என்று நாலு பேருக்குச் சொல்லித் திரிந்தார்.

அதற்குப் பிறகுதான் மோட்டார் சைக்கிள் நிற்கத் தொடங்கியது.

புதுக்குடியிருப்புக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில், இரண்டு பக்கமும் பற்றைக்காடாக இருக்கிற இடத்தில், ரோட்டுக்கரையில் தனியே ஒரு பாலைமரம் நின்றது. ஒற்றைப்பாலையடி என்று சொல்லுவார்கள். அடியில் ஒரு சூலம் நட்டிருந்தது. வைரவர். காட்டுப் பாதையால் போகிறவர்கள் அந்த இடம் வந்தால் பக்கத்துப் பற்றையில் ஒரு இலைக்குழையை முறித்து, சூலத்தடியில் போட்டு, கும்பிட்டுவிட்டுத்தான் அங்காலே போவார்கள். தேன் எடுக்கப் போகிறவன், வேட்டைக்குப் போகிறவன், வண்டில்காரன், ஒருத்தரும் தவறமாட்டார்கள். வண்டில்மாடுகள்கூட அந்த இடத்தில் தானாக நிற்கும். இளையதம்பி அண்ணை மட்டும் நிற்பதில்லை. அந்தச் சாமானை நிற்பாட்டினால் பிறகு உதைத்து எழுப்புவது பெரும் பாடு. அதனால் ஓடுகிற ஓட்டத்தில் ஒரு கையை நெற்றிக்குக் கொண்டுபோய்க் கும்பிட்டுவிட்டுப் போவார்.

ஒருநாள் விடிய அந்தப் பாலையடிக்குக் கிட்ட வரும்போது மோட்டார் சைக்கிள் இருமியது. முக்கி முக்கி ஓடி, சூலத்துக்கு நேரே வந்து நின்றது. அண்ணை உதைத்துப் பார்த்தார். எழும்பவில்லை. இறங்கி, மனத்துக்குள் ஏதோ பட்டது போல, ஒரு குழையை முறித்துப் போட்டுக் கும்பிட்டார். பிறகு வந்து, பெற்றோல் கிடக்கிறதோ என்று மூடியைத் திறந்து பார்த்தார். கிடந்தது. மூடியை இறுக்கிவிட்டு உதைத்தார். எழும்பிவிட்டது.

அடுத்த நாளும் அதேமாதிரி. அதற்கடுத்த நாள் கொஞ்சம் அங்காலே போய் நின்றது. தள்ளிக்கொண்டு திரும்பி வந்து குழை முறித்தார். மூடியைத் திறந்து பெற்றோல் பார்த்தார். எழும்பிவிட்டது.

கதை பரவ எவ்வளவு நேரம்? புதுக்குடியிருப்பில் நடராசாவின் கடையில், "என்ன இளையதம்பி, இண்டைக்கும் ஐயா மறிச்சவரோ? ரிக்கற் கேட்டவரோ?" என்று சிரித்தார்கள். சிரித்தாலும் உள்ளுக்குள் ஒருத்தருக்கும் சந்தேகம் இல்லை. கும்பிடாமல் போனவனை வைரவர் மறிக்கிறார். அதுவும் மீன்பெட்டியோடு போகிறவனை. சில நாள் அளம்பில் பக்கத்திலும் அந்த மோட்டார் சைக்கிள் நின்றதுதான். அங்கே வைரவர் இல்லாதபடியால் அதை ஒருத்தரும் கணக்கில் எடுக்கவில்லை.

முல்லைத்தீவில் சைக்கிள் திருத்துகிற அப்புத்துரை என்பவருக்கு மோட்டார் வேலையும் தெரியும். அண்ணை அவரிடம் விட்டார். அவர் பிளக்கைக் கழற்றித் துடைத்தார். காபரேற்றரைக் கழற்றி ஊதினார். தாங்கியிலிருந்து பெற்றோல் இறங்கும் குழாயை வாயால் உறிஞ்சித் துப்பினார். அவர் செய்தது ஒன்றிலும் பிழை இல்லை.

"பெற்றோல் இறங்கேல்லை, அண்ணை. அதாலதான் நிக்குது. காபரேற்றருக்குள்ள ஒரு சொட்டும் இல்லை."

"தாங்கி நிரம்பக் கிடக்கே?"

"கிடக்குது. ஆனால் வரேல்லை. குழாயில அடைப்பில்லை, வடியில அடைப்பில்லை. திறந்துபோட்டு விட்டால் ஆறு மாதிரி வருது. பேந்தென்ன, வீட்டுக்குப் போங்கோ."

வீட்டுக்கு வந்தது. அடுத்த விடியற்காலை பாலையடியில் நின்றது.

பெற்றோல் குறைவாக இருந்தால்தான் இப்படிச் செய்யும் என்று சந்தையில் ஒருவர் சொன்னார். அண்ணை கழுத்து முட்ட ஊற்றிக்கொண்டு போனார். அன்றைக்குப் பாலைமரம் கண்ணுக்குத் தெரிய முன்னமே நின்றுவிட்டது. ஊற்றக் குறைந்தால் தூரம் ஓடுது, ஊற்றக் கூடினால் கிட்ட நிற்குது. இது என்ன கணக்கு என்று அண்ணைக்கு விளங்கவில்லை.

நாயாற்றில் கிறிஸ்தோப்பர் இதை எல்லாம் கேட்டுக்கொண்டு வலை கழுவினார். அவர் வேதக்காரர். வைரவரைப் பற்றிக் குறைவாக ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் பகிடி விடுவார்.

"அளம்பிலிலயும் நிண்டதெண்டு சொன்னனீ. அங்க எங்கட அந்தோனியார் இருக்கிறார். அவர் மறிச்சவரெண்டு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை? அவருக்கு அந்தளவு பெலன் இல்லையோ?"

"பகிடியை விடு அண்ணை. மீன் பழுதாப் போகுது" என்றார் இளையதம்பி அண்ணை.

"சரி, நிண்டவுடன என்ன செய்வாய்? வரிசையாச் சொல்லு."

"இறங்கிக் குழை முறிச்சுப் போடுவன். கும்பிடுவன். மூடியைத் திறந்து பெற்றோல் பாப்பன். மூடுவன். உதைப்பன்."

"எழும்பிடும்?"

"ஓம், எழும்பிடும்."

"அப்ப எழுப்பிறது குழையோ, மூடியோ?"

அண்ணை மூடியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒருநாளைக்குக் குழையை முறி, மூடியைத் தொடாதை. வேறொரு நாளைக்கு மூடியைத் திற, குழையை முறியாதை. அப்பத் தெரியும்" என்றார் கிறிஸ்தோப்பர்.

"குழை முறிக்காமல் விட ஏலாது, அண்ணை."

"அப்ப மூடியைத் தொடாமல் விடு."

அதுவும் அண்ணையால் ஏலவில்லை. நடுக்காட்டில் மோட்டார் சைக்கிள் நின்றால், பெற்றோல் கிடக்கிறதோ என்று பார்க்காமல் இருக்க எந்த மனுசனுக்கு மனம் வரும்? கை தானாக மூடிக்குப் போய்விடும்.

இதற்கிடையில் கதை அச்சுவேலிக்கும் போய்ச் சேர்ந்தது. பங்குனி முடிகிற நேரம் மயில்வாகனம் பஸ்சில் வந்து இறங்கினார். கொட்டிலில் கதிரை ஒன்றுதான். அதில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுச் சொன்னார்:

"ஐயா சொல்லிவிட்டவர். சித்திரைக்கிடையில நிலையான ஒரு சீவியம் இல்லையெண்டால் தங்கச்சியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வரட்டாம். வயலில மணல். வாகனத்தை வைரவர் மறிக்கிறார். இஞ்ச இருந்து என்ன செய்யப் போறியள்? நீயும் வா, மச்சான். துலாவுக்கும் ஆள் இல்லையாம்."

கடைசி வசனத்தைச் சொல்லும்போது அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. தகப்பன் சொல்லிவிட்டதை அப்படியே சொன்னார். அண்ணை கையைக் கழுவிவிட்டு வெளியே போய் நின்றார்.

மச்சாள் கைக்குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு தமையனிடம் சொன்னா.

"அண்ணை, நாளைக்கு இவரோட ஒருக்கால் நாயாற்றுக்குப் போட்டு வாங்கோ. உங்கட கண்ணால பாருங்கோ. வைரவர் மறிச்சால் நான் பெட்டியைக் கட்டுறன். மறிக்காட்டி, ஐயாவிட்டப் போய் இந்தக் கதையை விடச் சொல்லுங்கோ."

"நீயே சொல்லுறியோ?"

"நான்தான் சொல்லுறன்."

வெளியே நின்ற அண்ணைக்கு எல்லாம் கேட்டது. அவரை ஒருவரும் கேட்கவில்லை.

விடிய, மச்சாள் வழமைக்கு முன்னமே எழும்பிவிட்டா. முழுகி, ஈரத் தலையோடு சந்தனம் உரைத்தா. மற்ற நாளையில் ஒரு பொட்டு வைப்பா. அன்றைக்கு உரைத்தது முழுவதையும் மூடியில் வழித்து வைத்துத் தடவினா. நடுவில் பெரிதாகக் குங்குமம். மூடி மூடியாகவே தெரியவில்லை. பிறகு பாலைமரம் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டா. அச்சுவேலிக்குத் திரும்பிப் போகவேண்டி வந்துவிடக் கூடாது என்பதுதான் அவாவின் மன்றாட்டம் எல்லாம். மாமனாரின் துலா எப்படிப்பட்டது என்று அண்ணைக்கு மட்டும் இல்லை, அவாவுக்கும் தெரியும். அந்த வருசம் முழுக்க, சிரிக்காமல் வந்து சாப்பாட்டுக்கு இருந்தவருக்குச் சோறு போட்டவா அவாதானே.

தாங்கி நிரம்பப் பெற்றோல். பின்னுக்குச் சாக்கை மடித்துப் போட்டு மயில்வாகனம் ஏறினார். வெள்ளை வேட்டி, சால்வை. ஆள் கனம். பின் சக்கரம் பதிந்தது.

"மெதுவா விடு மச்சான்."

"மெதுவா விட்டால் நிண்டிடும்."

"அப்ப கெதியா விடு. வேண்டாம், மெதுவா விடு."

புதுக்குடியிருப்பு தாண்டினார்கள். நடராசா கடை வாசலில் நின்று கையைக் காட்டினார். அங்காலே காடு குறைந்து ஒரு வெட்டவெளி வரும். வெறும் புல்லும் மாட்டுச் சாணமும். அந்த வெளியின் நடுவில் மோட்டார் சைக்கிள் இருமியது. பிறகு ஒருதரம் வெடித்துவிட்டு நின்றது.

"என்ன, வந்திட்டமோ?"

"இல்லை. நிண்டிட்டுது."

மயில்வாகனம் இறங்கிச் சுற்றிவரப் பார்த்தார். "பாலையடி எங்க?"

"அந்தா, அங்கால. கூப்பிடு தூரம்."

தூரத்தில் மரம் தனியாகத் தெரிந்தது. இங்கே ஒரு மரமும் இல்லை, சூலமும் இல்லை. மயில்வாகனம் சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"அப்ப இண்டைக்கு எதிர்கொண்டு வந்திட்டார்."

"ஆர்?"

"வேற ஆர், வைரவர்தான். நீ நில்லு. நான் போய்க் குழை முறிச்சுப் போட்டு வாறன். நீ கும்பிட்டுக் கும்பிட்டுத்தானே இந்த நிலையில நிக்கிறாய்."

அவர் மரத்தடிக்கு நடந்தார். அண்ணை தனியே நின்றார். கை மூடிக்குப் போயிற்று. போன கையை இழுத்துக்கொண்டார். குழையை இன்றைக்கு வேறொருத்தர் முறிக்கிறார். மூடியை இவர் தொடாமல் விட்டால் போதும். கிறிஸ்தோப்பர் சொன்னது இன்றைக்குத்தான் வாய்த்தது. ஆனால் வாய்த்த நாள் எந்த நாள் என்றும் பார்க்க வேண்டுமே. எழும்பாவிட்டால் மச்சாள் பெட்டி கட்டுவா. அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

மயில்வாகனம் வேர்த்து வடிந்து திரும்பி வந்தார். "நல்ல கொழுத்த குழையாப் போட்டனான். உதை."

அண்ணை உதைத்தார். ஒன்றும் இல்லை. மறுபடி உதைத்தார். செத்த மாட்டை உதைத்த மாதிரி.

"ஓட்டுறவன்தான் முறிக்கவேணுமாக்கும். நீ போட்டு வா" என்றார் மயில்வாகனம்.

அண்ணை போனார். தன் கையால் குழை முறித்தார், போட்டார், விழுந்து கும்பிட்டார். வந்து உதைத்தார். எழும்பவில்லை.

மயில்வாகனம் ரோட்டுக்கரையில் குந்தினார். அவருடைய முகத்திலும் சந்தோசம் இல்லை. "சரி மச்சான். தங்கச்சி சொன்னது சொன்னதுதானே" என்றார்.

அண்ணை அப்போதுதான் மூடியில் கை வைத்தார். இறுகிப்போய்க் கிடந்தது. ஒரு கையால் ஏலவில்லை. சந்தனம் வழுக்கியது. கட்டியிருந்த சாரத்தின் தலைப்பால் பிடித்து இரண்டு கையாலும் திருப்பினார். மூடி அசைந்தவுடன் "உஸ்ஸ்ஸ்" என்று நீளமாக ஒரு சீறல்.

"பாம்பு!" என்று கத்திக்கொண்டு மயில்வாகனம் குந்தின இடத்திலிருந்து அப்படியே பின்னுக்குப் பாய்ந்தார். வேட்டியின் பின்பக்கம் முழுக்கச் சாணம். "நாகம் மச்சான்! தள்ளி நில்! சைக்கிளுக்குள்ள கிடக்குது!"

"பாம்பில்லை. காத்து."

"வெளிய போற காத்தோ?"

"இல்லை. உள்ளுக்குப் போற காத்து" என்றார் அண்ணை. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே விளங்கியது. சீறல் அடங்க முன்னமே மூடியை இறுக்கி, உதைத்தார். எழும்பிவிட்டது.

கொஞ்சத் தூரம் ஓடி மறுபடி நின்றது. இம்முறை அவர் இறங்கவும் இல்லை. இருந்தபடியே மூடியைத் திருப்பினார். உஸ் என்றது. உதைத்தார், ஓடியது. பிறகு மூடியை இறுக்காமல், சும்மா மேலே வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓட்டினார். பெற்றோல் தெறித்து மயில்வாகனத்தின் வேட்டியின் முன்பக்கத்தையும் நனைத்தது. மோட்டார் சைக்கிள் நிற்கவில்லை. பாலையடி வந்தது, போயிற்று. "நிப்பாட்டு! நிப்பாட்டு!" என்று மயில்வாகனம் கத்தினது காற்றில் போயிற்று. முல்லைத்தீவு போயிற்று, அளம்பில் போயிற்று. நாயாற்றில்தான் நிற்பாட்டினார்.

கிறிஸ்தோப்பரின் மனுசி கிறேஸ் அக்கா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "இதென்ன கோலம்? ஆரோட மல்லுக்கட்டினனீங்கள்?" என்று கேட்டுக்கொண்டு தேத்தண்ணி போட்டா. தகரப் பால்பேணியை எடுத்துச் சரித்தா. ஒரு துளைதான் போட்டிருந்தது. பால் சொட்டி நின்றுவிட்டது. அவா ஆணியை எடுத்து மற்றப் பக்கத்திலும் ஒரு துளை போட்டா. பால் நூலாக இறங்கியது. அது எல்லா வீட்டிலும் செய்கிற வேலை. அன்றைக்கு அதை மூன்று ஆம்பிளைகள் வாய் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கிறிஸ்தோப்பர் மூடியை வாங்கி, மேலே அப்பியிருந்ததை வழித்துவிட்டு, வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார். நடுவில் ஊசி போகிற அளவுக்கு ஒரு துளை இருக்கவேண்டும். அடையாளம் மட்டும் தெரிந்தது, வெளிச்சம் தெரியவில்லை. கெளுத்தி முள் ஒன்றை எடுத்துக் குத்தினார். மஞ்சளாகத் தூள் கொட்டியது. குத்தக் குத்த வந்தது. பழையது கல்லாகவும் புதியது களியாகவும் இருந்தது. கடைசியில் ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தது.

"பெற்றோல் இறங்கிற அளவுக்கு மேலால காத்து வரவேணும். நிரப்பி ஊத்தினால் உள்ளுக்குக் கிடக்கிற காத்துக் குறைவு, அதுதான் கெதியா நிண்டது. தக்கை தேய்ஞ்சு கிடந்த காலம் காத்து அதால வந்தது. நீ றப்பர் போட்டு அதை அடைச்சுப்போட்டாய். மிச்சம் இருந்த வழியை..." என்று கிறிஸ்தோப்பர் தொடங்கி, மயில்வாகனத்தைப் பார்த்து நிறுத்தினார்.

மயில்வாகனம் அந்த மஞ்சள் தூளை விரலால் தொட்டு மணந்து பார்த்தார். வாசம் இன்னும் இருந்தது.

"இது தங்கச்சிக்குத் தெரிய வேண்டாம்" என்றார்.

"ஏன்?" என்றார் கிறிஸ்தோப்பர்.

"இண்டைக்கு விடிய அவள் இதை எவ்வளவு வைச்சவள் எண்டு நீங்கள் பாக்கேல்லை."

அன்றைக்கு இறால் நல்ல பாடு. பெட்டி இரண்டும் நிரம்பியது. மயில்வாகனம் மீன்பெட்டிகளுக்கு நடுவில் காலை அகட்டி வைத்துக்கொண்டு வந்தார். இம்முறை மூக்கைப் பொத்த அவருக்குக் கை இல்லை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பாலையடி வந்தது. ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சைக்கிளை அண்ணை தானாக நிற்பாட்டினார்.

"இப்ப ஏன் நிப்பாட்டினனீ? நல்லாத்தானே வந்தது."

"விடிய நிக்காமல் போயிட்டம்" என்று சொல்லி, ஒரு குழையை முறித்துப் போட்டுவிட்டு வந்தார். ஒரு உதையில் எழும்பியது.

மச்சாள் படலையடியில் நின்றா. தமையனின் வேட்டியை முன்னும் பின்னும் பார்த்தா.

"நிண்டதோ?"

"நிண்டது" என்றார் மயில்வாகனம்.

மச்சாளின் முகம் இறங்கியது. "அப்ப..."

"நிண்டது. ஆனால் வைரவர் மறிக்கேல்லை."

"பின்னை ஆர் மறிச்சது?"

மயில்வாகனம் அண்ணையைப் பார்த்தார். அண்ணை மீன்பெட்டியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, "என்ர றப்பர்" என்றார். "மூடிக்கு நான் போட்டனே, அந்த றப்பர். காத்துப் போக விடேல்லை. இப்ப சரி."

அவர் சொன்னது பொய் இல்லை. பாதி.

அன்று பின்னேரம் மச்சாள் வழமைபோல மோட்டார் சைக்கிளைக் கழுவினா. அண்ணைக்கு ஒரு யோசனை. மீன் பெற்றோல் மணக்கும் என்றபடியால் றப்பரைக் கழற்ற ஏலாது. அப்படியென்றால் சந்தனம் இடம் மாறவேண்டும். எப்படிச் சொல்லுவது? முன்னால் இருக்கிற லைற்றுத்தான் அதின் கண், கண்ணுக்கு மேலேதான் பொட்டு வைக்கவேண்டும் என்று சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டு படுத்தார்.

விடிய அவர் பெற்றோல் ஊற்றி மூடியை இறுக்கினார். மச்சாள் சந்தனக் கிண்ணத்தோடு வந்தா. அண்ணை வாயைத் திறக்க முன்னம், அவா மூடியைத் தாண்டிப் போய், லைற்றுக்கு மேலே ஒரு பொட்டு வைத்து, குங்குமம் வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டா. அண்ணை ஒன்றும் கேட்கவில்லை. அவாவும் சொல்லவில்லை. பல வருசம் கழிந்து என் அம்மாவிடம்தான், "கழுவேக்க பாத்தன். மூடியில ஒரு ஓட்டை தெரிஞ்சது. அதில ஓட்டை இருக்கெண்டே எனக்கு முந்தித் தெரியாது" என்று சொன்னா.

மயில்வாகனம் அன்றைக்கே பஸ் ஏறினார். அச்சுவேலியில் ஐயாவிடம் அவர் மூடியைப் பற்றியும் சொல்லவில்லை, றப்பரைப் பற்றியும் சொல்லவில்லை. சொன்னால் அவருக்கு விளங்காது என்று நினைத்தாரோ, விளங்கிவிடும் என்று பயந்தாரோ தெரியாது. "அவையைக் கூப்பிட ஏலாது ஐயா. வைரவர் விடமாட்டன் எண்டு நிக்கிறார்" என்று மட்டும் சொன்னாராம்.

கடவுள் பேச்சு என்றபடியால் மாமனார் மறுகதை கதைக்கவில்லை. சித்திரை பிறக்க முன்னம் துலா மிதிக்கக் கூலிக்கு ஆள் பிடித்தார்.